மாத்திரை இல்லாமல் எழுந்தவள்

சித்ராவின் கணவர் மருதுபாண்டியை அந்தப் பக்கத்தில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டையூரைத் தாண்டிக் கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு பொட்டல் உண்டு. போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் போக ஆசைப்படுகிற பையன்களும் பெண்களும் வெளிச்சம் வருமுன்பே அங்கே கூடிவிடுவார்கள். மாஸ்டர் அவர்களை ஓடவிடுவார், கயிறு ஏறவிடுவார். ஓடி முடித்து இரைக்க இரைக்க நிற்கிறபோது அவர் பேசுகிற பேச்சைக் கேட்கவென்றே சிலர் வந்தார்கள். உன் நிலைமைக்கு உன் அப்பன் காரணமில்லை, சாதி காரணமில்லை, சர்க்கார் காரணமில்லை, நீதான் காரணம் என்பார். விழுந்தது நீ, எழ வேண்டியதும் நீ என்பார்.

ஊருக்கு உபதேசம் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. இளவயதில் எஸ்.ஐ. தேர்வில் எல்லாவற்றிலும் தேறி, கடைசி நேர்காணலில் தோற்று வெளியே வந்தவர். சிபாரிசுக்கு ஆளில்லாமல் போனதுதான் காரணம் என்று வீட்டில் அழுதார்கள். அவர் மட்டும், தன் தயாரிப்பு பத்தவில்லை என்று சொல்லிவிட்டு மறுநாளே ஓடப் போனார். காய்ச்சலுக்குக்கூட மாத்திரை போடமாட்டார். யாரிடமும் கை நீட்டியதில்லை, யாரையும் குறை சொன்னதில்லை.

அவருடைய பேச்சின் கடைசியில் எப்போதும் சித்ரா வருவாள். "எங்க வீட்டுல பாருங்க" என்று ஆரம்பிப்பார். இரண்டாவது பிள்ளை செத்துப் பிறந்து படுத்த படுக்கையானவள், ஒரு மாத்திரை இல்லாமல், ஒரு டாக்டர் இல்லாமல், தன் மன உறுதியால் மட்டுமே எழுந்து வந்தாள் என்று சொல்வார். பெண்டாட்டியைப் பற்றி நாலு பேர் முன்னால் இப்படிப் பெருமையாகப் பேசுகிற புருஷன் அந்த ஊரில் வேறு யாருமில்லை.

அது பொய் என்பது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று சித்ரா. இன்னொன்று அடுத்த தெரு முத்தழகு.

அந்தப் பிரசவத்தின்போது மூத்தவள் அகல்யா கைப்பிள்ளை தாண்டி நடக்கிற வயது. பால் கட்டிய வலி ஓய்ந்த பிறகும் சித்ரா எழவில்லை. குளிக்கலாம் என்று எழுந்து கொடியில் கிடக்கிற துண்டை எடுப்பதற்குள், எதற்கு என்று ஆகிவிடும். பிள்ளை பக்கத்திலேயே நின்று அழும். அந்த அழுகை வேறு யார் வீட்டிலோ கேட்பதுபோல இருக்கும். மருதுபாண்டி அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. கட்டிலருகே உட்கார்ந்து பொறுமையாகச் சொல்வார், எல்லாம் மனசுதான், நீ நினைத்தால் எழுந்துவிடலாம் என்று. அவளும் நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. அப்படியானால் நான் சரியாக நினைக்கவில்லை, என்னிடம்தான் ஏதோ கோளாறு, நான் இருந்து யாருக்கு லாபம் என்று அவள் எண்ணம் போக ஆரம்பித்தது.

முத்தழகு ஒருநாள் பிள்ளைக்குக் கொடுக்கக் கேப்பைக்கூழ் கொண்டுவந்தவள், கட்டிலில் கிடந்தவளைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். காடு கழனி வேலைக்குப் போகிறவள், படிக்காதவள். என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டிவிட்டாள், சடை பின்னிவிட்டாள். மறுவாரம், கோயிலுக்கு நேர்த்தி என்று மருதுபாண்டியிடம் சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏற்றினாள். கோயிலுக்கும் போனார்கள். அதற்கு முன்னால் ஒரு வயதான பெண் டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது வியாதி, இதில் உன் குற்றம் எதுவும் இல்லை என்று சொன்னபோது சித்ரா விசும்ப ஆரம்பித்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

மாத்திரை முத்தழகு வீட்டில் இருந்தது. சித்ரா பொழுது சாய அங்கே போய்ப் போட்டுக்கொண்டு வருவாள். ஒன்றரை வருஷம் அப்படி நடந்தது. அவள் தேறி வருவதைப் பார்த்த மருதுபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. பொட்டலில் முதல்முறை அவர் அவளுடைய கதையைச் சொல்லக் கேட்டபோதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சித்ரா நினைத்தாள். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த 'நாளை' வரவேயில்லை. அகல்யா வளர்ந்து படித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். சித்ரா அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளரானாள். கதை மட்டும் வயதாகாமல் பொட்டலில் நின்றுகொண்டிருந்தது.

உள்ளாட்சித் தேர்தலில் மருதுபாண்டி எந்தக் கட்சியும் சேராமல் நின்றார். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகப் பார்த்தால் ஊர் தன்னாலே சரியாகிவிடும் என்று சொல்லியே வார்டு உறுப்பினராக ஜெயித்தார். தெருவில் சாக்கடை அடைத்தால் தானே மண்வெட்டியோடு இறங்குவார். மனு கொடுக்கலாம், மறியல் செய்யலாம் என்று யாராவது வந்தால், கெஞ்சிப் பழகாதீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

முத்தழகின் மகன் அஜித் அவரிடம் கொஞ்சநாள் ஓடிப் பழகியவன்தான். பிறகு வரவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மதுக்கடை வந்தபின் அங்கேயே கிடந்தான். ஒருநாள் அங்கிருந்து வண்டியெடுத்துக் கிளம்பியவன் லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த கையோடு முத்தழகு தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு கிராமசபைக்கு வந்தாள். அந்தக் கடையை எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும் என்றாள்.

மருதுபாண்டி எழுந்தார். கடை யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்றார். இதே ஊரில் குடிக்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். முத்தழகைப் பார்த்து, "கோவிச்சுக்கிடாதீக. அவனை வளத்தது நீங்க. கடையைச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். பிறகு, எங்க வீட்டுல பாருங்க என்று ஆரம்பித்தார்.

சித்ரா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கதை முழுவதையும் அவர் சொல்லி முடிக்கும்வரை முத்தழகு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இடத்திலேயே மருதுபாண்டி தலைகுனிந்திருப்பார். முத்தழகு சொல்லவில்லை. சித்ராவும் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கலைந்தது. அதன் பிறகு முத்தழகு இவர்கள் தெருவழியே வருவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷம் மருதுபாண்டிக்குத் தூக்கம் போனது.

இன்னதுதான் காரணம் என்று ஒன்றும் இல்லை. அதுதான் அவரை வாட்டியது. கடன் இல்லை, நோய் இல்லை, பகை இல்லை. தான் எங்கே தப்பு செய்தோம் என்று தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. முதலில் பேச்சு குறைந்தது. பிறகு பொட்டலுக்குப் போனாலும் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினார். ஒருநாள் காலையில் ஷூவில் ஒரு காலை நுழைத்தவர், இன்னொரு காலை நுழைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பையன்கள் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதன்பின் அவர் எழுந்து போகவேயில்லை.

அந்தப் பார்வையைச் சித்ராவுக்குத் தெரியும். உள்ளேயிருந்து தெரியும். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற முதுகைக் காண்கிறபோது தான் கிடந்த நாட்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. இது தனக்கும் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் வேறு.

அகல்யாவுக்கு போன் போட்டாள். மகள் பதறத்தான் செய்தாள். ஆனால் அப்பா தானாக உதவி கேட்டால்தான் எதுவும் செய்ய முடியும், அவர் வாழ்க்கைக்கு அவர்தானே பொறுப்பு, நீ உன் மனசைப் பார்த்துக்கொள் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டாள். சொன்ன வார்த்தை எதுவும் தப்பில்லை. அதைக் கேட்டபிறகு வீடு இன்னும் பெரிதாகி, அதில் தான் ஒருத்தி மட்டும் நிற்பதுபோல் சித்ராவுக்கு இருந்தது. மருதுபாண்டியின் தம்பி வந்து பார்த்துவிட்டு, அண்ணனுக்கா இப்படி, நாலு நாளில் எழுந்துவிடுவார் என்று காபி குடித்துவிட்டுப் போனார்.

டாக்டரிடம் போகலாம் என்று அவள் கெஞ்சினாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்.

"நீ மாத்திரை போட்டா எந்திரிச்ச? உன்னால முடிஞ்சது என்னால முடியலைன்னா, நான் என்ன மனுசன்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டில் வைத்த சோறு ஆறிக் கிடக்க, அவர் மறுபடி அதையே சொன்னார். சித்ராவால் தாங்க முடியவில்லை. தரையில் அவர் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். மதுரைக்குப் போனது, டாக்டரம்மாள் சொன்னது, முத்தழகு வீட்டில் மாத்திரை இருந்தது, ஒன்றரை வருஷம் போட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அம்புட்டு வருசம் அதைத்தானே சொல்லிட்டிருந்தேன். நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த" என்றார்.

"சொல்லப் பயந்துட்டேங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். தட்டை இழுத்து இரண்டு வாய் சாப்பிடக்கூடச் செய்தார். அவளுக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத் திரும்பியபோது கட்டிலில் ஆளில்லை. போன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது.

பொட்டலுக்கு ஓடினாள். கண்மாய்க் கரை நெடுகத் தேடினாள். தண்ணீரைப் பார்க்கவே பயந்தாள். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். மாஸ்டர் என்ன சின்னப்பிள்ளையா, எங்காவது காலாற நடந்திருப்பார், வந்துவிடுவார் என்றார்கள். ஒருவரும் கூட வரவில்லை. கால் அவளை அறியாமல் முத்தழகு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

முத்தழகு ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். சித்ரா சொன்னதைக் கை நிறுத்தாமல் கேட்டாள்.

"எம் மகன் கிடந்த எடத்துக்கு உன் புருசன் எட்டிப் பாக்கல" என்றாள். "அவரவர் பாடு அவரவருக்குன்னு அவருதான சொன்னாரு. சபையில நீயும் இருந்த சித்ரா. நீயும்தான் இருந்த."

"அக்கா, இன்னைக்கு மட்டும்."

"போ. போயித் தேடு."

முத்தழகு உள்ளே போய்விட்டாள். அவளைக் குறைசொல்ல சித்ராவிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அந்தச் சந்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாய்வெயில் முகத்தில் அடித்தது. இத்தனை பேர் இருக்கிற ஊரில் ஒரு மனிதனைத் தேட ஒருத்தி மட்டும் நிற்கிறாளே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. காளிராஜ் பேசினான். மாஸ்டரிடம் பழகிப் போலீஸில் சேர்ந்தவன், லீவில் ஊருக்கு வந்திருந்தான்.

"அக்கா, மாஸ்டர் இங்க கல்லல் ரயில் ஸ்டேஷன்ல உக்காந்திருக்காரு. கூப்புட்டா பேச மாட்டேங்குறாரு. காலெல்லாம் ரத்தமா இருக்கு. நான் பக்கத்துலயே இருக்கேன், நீங்க வாங்க."

ஆட்டோவில் போய்ச் சேர்ந்தாள். நடைமேடையின் கடைசி பெஞ்சில் அவர் இருந்தார். வெறுங்காலோடு அத்தனை தூரம் நடந்திருக்கிறார். எதற்காக அங்கே வந்தார் என்று காளிராஜும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. காளிராஜ் அவருடைய சட்டை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். சித்ரா கீழே உட்கார்ந்து அவர் பாதத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"என்னால முடியல சித்ரா" என்றார் அவர். இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்திருக்கிறாள். அந்த வார்த்தையை அவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டாள்.

வீட்டுக்குப் போகவில்லை. அதே ஆட்டோவில் சிவகங்கை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சேர்த்துக்கொண்டார்கள். சில நாள் இருந்து மாத்திரையோடு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யார் விசாரித்தாலும் குடல்புண் என்று சொல்லிவிடு என்றார். மறுபடியும் ஒரு பொய்யைச் சுமக்கச் சொல்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அவர் இருந்த நிலையைப் பார்த்துச் சரி என்றாள். விசாரித்தவர்களிடம் குடல்புண் என்றாள்.

ஆகஸ்டில் கிராமசபை கூடியது. முத்தழகு மறுபடியும் அதே கோரிக்கையோடு எழுந்தாள். கூட ஆள் குறைவாக இருந்தார்கள். ஊராட்சித் தலைவருக்கு வேண்டிய ஒருவர் எழுந்து, மாஸ்டர் வந்திருந்தால் இதற்கு நல்ல பதில் சொல்லியிருப்பார் என்றார். மனசு இருந்தால் எதையும் விட்டுவிடலாம், எதிலிருந்தும் எழுந்துவிடலாம், மாஸ்டர் சம்சாரமே இங்கேதான் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள் என்று கையைக் காட்டினார்.

சித்ரா எழுந்தாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"நான் தானா எந்திரிக்கல" என்றாள். "ஒண்ணரை வருசம் மாத்திரை சாப்பிட்டேன். வெளிய தெரியாம முத்தழகு அக்காதான் கூட்டிப் போனாக. அவுக இல்லாட்டி நான் அன்னைக்கே போயிருப்பேன். எங்க வீட்டுக்காரவுகளுக்கு அப்பத் தெரியாது, நான் மறைச்சுட்டேன். அந்தக் கதையை வச்சு இனிமே யாரையும் வாயடைக்காதீக."

எங்கோ பின்னால் ஒருவர் சிரித்தார். தீர்மானம் என்னவோ அன்றைக்கு நிறைவேறியது. கடை இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மேலே அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள். கலைந்து போகும்போது முத்தழகு இவள் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். "அன்னைக்குச் சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னையப் பத்தியும் சொன்னியா?"

"இல்லை. அது நீங்க சொல்ல வேண்டியது. எனக்கு நடந்ததை மட்டும் சொன்னேன்."

அன்றிலிருந்து சில நாள் அவர் அவளோடு பேசவில்லை. அவள் தலையைக் கண்டால் எதிர்வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு தாய், மனநிலை சரியில்லாத அம்மா சமைக்கிற இடத்தில் பிள்ளை சாப்பிடலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுப் போனாள். சமையலை மேற்பார்வை பார்க்கிறவள்தானே தவிர சமைக்கிறவள் அவள் இல்லை என்று தலைமையாசிரியர் சமாதானம் சொன்னாராம். அதைக் கேட்டுச் சித்ரா ஸ்டோர் அறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

தீபாவளி நெருங்கியபோது மருதுபாண்டிக்குச் சற்றுத் தெளிவு வந்தது. தெளிவு வந்ததும் மாத்திரையை நிறுத்தினார். இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். பத்து நாள் பொட்டலுக்குக்கூடப் போனார். அப்புறம் பழையபடி படுத்தார். இந்தமுறை முன்பைவிட ஆழமாக இருந்தது. சித்ரா கத்தினாள், காலைப் பிடித்தாள், ஒருநாள் அவரோடு சேர்ந்து தானும் படுத்துக்கொண்டாள். எழுந்து அடுப்பைப் பற்றவைக்க அன்று சாயங்காலம் ஆனது. அந்தச் சாயங்காலம்தான் அவளை மிகவும் பயமுறுத்தியது. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, அவரைப் பிடித்துத் தூக்கிச் சட்டை மாட்டிவிட்டு மறுபடியும் சிவகங்கைக்கு பஸ் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். மருதுபாண்டி துண்டால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தார். வேறு வேலையாக அந்த வழியே போன ஒருவர் நின்று உற்றுப் பார்த்தார். அவர்கள் ஊர்க்காரர்தான், டீக்கடை சத்தியமூர்த்தி.

"என்ன மாஸ்டர், இங்குட்டு நிக்கிறீக?"

சித்ரா வாயெடுக்கப் போனாள், குடல்புண் என்று சொல்ல. அதற்குள் மருதுபாண்டி துண்டை இறக்கினார்.

"மனசு சரியில்ல, சத்தி. வைத்தியம் பாக்க வந்தேன்."

மாஸ்டருக்கேவா என்று சத்தியமூர்த்தி முனகினார். மேலே இருந்த பலகையை ஒருதரம் படித்தார். சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். சாயங்காலத்துக்குள் டீக்கடை முழுக்கத் தெரிந்துவிடும் என்று சித்ராவுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

"பேரு கூப்புடட்டும்" என்றாள் அவள். அவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை உதறவில்லை. உள்ளே போகவேண்டியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக இருவரும் நின்றார்கள்.